5,200 ரூபாய் மைக்ரோஸ்கோப்: மூன்று மாதம் பார்த்த பிறகு

பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்காக என்று சொல்லித்தான் ஜூன் மாதம் இந்த மைக்ரோஸ்கோப்பை வாங்கினேன். கூரியர் செலவு சேர்த்து 5,200 ரூபாய். பள்ளிக் குழந்தைகளுக்கென்று விற்கிற ஒற்றைக் கண் கருவி. 4, 10, 40, 100 என்று நான்கு லென்ஸ். கண் வைக்கிற பக்கத்து லென்ஸான ஐபீஸ், பத்து மடங்கில் ஒன்று, பதினைந்து மடங்கில் ஒன்று. அடியில் எல்.இ.டி. விளக்கு, அதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி. வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சரும், அதில் வெளிச்சம் வருகிற வாசலைத் திறந்து மூடுகிற டயாஃப்ரமும் உண்டு. கூடவே தயார் ஸ்லைடு ஐந்து, வெறும் ஸ்லைடு ஒரு டஜன், சொட்டின் மேல் மூடுகிற மெல்லிய கண்ணாடியான கவர் சிலிப் ஒரு டப்பி. கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. இதே வார்ப்பில் இதே கருவி பல பெயர்களில் விற்கிறது. அதனால் பெயரைவிட, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் லேப் டெக்னீஷியனாக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு தர்மபுரியில். மைக்ரோஸ்கோப் எனக்குப் புதிதல்ல, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஸ்லைடு பார்த்த கண் இது. ஆனால் அத்தனை வருடமும் நான் பார்த்த ஒருசெல் உயிரிகள் எல்லாம் நோயாளியின் உடம்பிலிருந்து வந்தவை. பெரும்பாலும் செத்தவை. விரல் நுனி ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, உலர்த்தி, சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு 100 லென்ஸில் பார்ப்போம். சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி ஒன்று தெரிந்தால் அது மலேரியா. வைவாக்ஸ் வகை என்றால் அது புகுந்த சிவப்பணு சற்று ஊதியிருக்கும், பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். ஃபால்சிபாரம் வகை என்றால் வாழைப்பழம் மாதிரி வளைந்த உருவம் எங்காவது அகப்படும். ‘எம்.பி. பாசிட்டிவ்’, அதாவது மலேரியாக் கிருமி உண்டு, என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுப்பேன். அது உயிரோடு இருக்கும்போது எப்படி அசையும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் முதல் நாள் சாயங்காலம் இந்தக் கருவியை ஜன்னலோரம் வைத்தபோது பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ராமக்காள் ஏரிப் பக்கம் நடக்கப் போகிற வீட்டுக்காரரிடம் கழுவிய ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மேல்தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. தூசி மட்டும். பேத்தி உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவது சொட்டை அடியில் கிடந்த அழுகிய இலைத் துணுக்கோடு சேர்த்து எடுத்தேன். 4 லென்ஸில் வைத்துக் குமிழைத் திருப்பியதும் வெள்ளை வட்டத்துக்குள் ஏதோ ஒன்று குறுக்கே போனது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வட்டம் முழுக்க.

பேத்தியைக் கூப்பிட்டுக் கண் வைக்கச் சொன்னேன். “ஆயா, இதுங்க எல்லாம் எங்க இவ்ளோ அவசரமா போவுதுங்க?” என்றாள்.

பாரமீசியம். பாடப் புத்தகத்தில் செருப்பு வடிவம் என்று போட்டு நீளவாக்கில் ஒரு படம் இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஓட்டம் இல்லை. உடம்பெல்லாம் குறுஇழைகள். அவை வரிசையாக அலை அடிக்கிற மாதிரி அடிக்க, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முன்னால் போகிறது. இலைத் துணுக்கில் முட்டினால் சட்டென்று பின்னுக்கு வரும், கொஞ்சம் கோணம் மாற்றித் திரும்பவும் போகும். வழி கிடைக்கும்வரை பின்வாங்குவதும் திரும்புவதும்தான். மூளை இல்லை, நரம்பு இல்லை, எல்லாம் ஒரே ஒரு செல். முட்டியதும் செல்லின் சவ்வில் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் உள்ளே பாய்கிறது, அதனால் இழைகள் எதிர்ப்பக்கம் அடிக்கின்றன. நம் இதயத்துடிப்புக்கும் இதே கால்சியம்தான் வேலை செய்கிறது. இதெல்லாம் எனக்குப் பரீட்சைக்குப் படித்த பாடம். கண்ணால் பார்த்தது 60 வயது தாண்டி.

சரி, கருவிக்கு வருகிறேன்.

உயிருள்ள ஒருசெல் உயிரிகளைப் பார்க்க வாங்குகிறவர்கள் ‘எத்தனை மடங்கு’ என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதன் பெட்டி மேல் 1500 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 100 லென்ஸையும் 15 ஐபீஸையும் பெருக்கிய கணக்கு அது. லென்ஸின் உடம்பைப் பாருங்கள், 40 லென்ஸில் 0.65 என்று ஒரு எண் பொறித்திருக்கும், 100 லென்ஸில் 1.25. அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் அந்த லென்ஸுக்குப் பொதுவாகச் சொல்கிற எல்லை. 40 லென்ஸுக்கு 650, 100 லென்ஸுக்கு 1250. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தின் அலைநீளமே ஏறக்குறைய அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைவிட நெருக்கமாக இருக்கிற இரண்டு புள்ளிகளை 40 லென்ஸ் இரண்டாகப் பிரித்துக் காட்டாது.

நான் இந்த மூன்று மாதத்தில் பெரும்பாலான நேரம் இருந்தது 10 லென்ஸில்தான். ஐபீஸோடு சேர்த்து 100 மடங்கு. பார்க்கிற வட்டத்தின் அகலத்தை அளந்து வைத்துக்கொள்வது லேபில் எங்களுக்குப் பழக்கம். பேத்தியின் பிளாஸ்டிக் ஸ்கேலை 4 லென்ஸுக்கு அடியில் வைத்துக் கோடுகளை எண்ணினோம். நாலரை மில்லிமீட்டர் வந்தது. அப்படியானால் 10 லென்ஸில் 1.8 மில்லிமீட்டர். அந்த வட்டத்துக்குக் குறுக்கே எட்டு பாரமீசியம் வரிசையாக நின்றால் நிறையும் என்று பேத்தி கணக்குப் போட்டாள், ஆக ஒன்றின் நீளம் 225 மைக்ரான். புத்தகத்து அளவுக்குச் சரியாக வருகிறது. ஒரு சிவப்பணு ஏழு, எட்டு மைக்ரான்தான். மலேரியாக் கிருமி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிற சைஸ். அவ்வளவு சின்னதையே தேடித் தேடிப் பழகிய எனக்கு இந்தப் பாரமீசியம் யானை மாதிரி தெரிந்தது. நல்ல வெயிலில் பாட்டிலைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்தால் வெறும் கண்ணுக்கே வெள்ளைப் பொடியாகத் தெரியும்.

இந்தக் கருவியின் 10 லென்ஸ் நன்றாக இருக்கிறது. ஓரம் கொஞ்சம் மங்குகிறது, நடுவில் தெளிவு. 40 லென்ஸ் பரவாயில்லை. 100 லென்ஸுக்குக் கொடுத்த காசு குளத்துத் தண்ணீரைப் பொறுத்தவரை வீண்தான். ஸ்லைடுக்கும் அதற்கும் நடுவில் முடி அளவுதான் இடைவெளி, எண்ணெய் விட்டால் கவர் சிலிப் கூடவே இழுபடும், பார்க்கிற உயிரி ஓடிப்போகும். ஸ்லைடில் இழுத்துக் காயவைத்த ஸ்மியருக்குத்தான் அது.

உண்மையில் இந்த விலையில் நான் மெச்சுகிற பாகம் கண்டென்சரும் டயாஃப்ரமும்தான். இதைவிட மலிவான பொம்மை மைக்ரோஸ்கோப்புகளில் அது இருக்காது. சாயம் ஏற்றாத உயிரி கண்ணாடி மாதிரி. வெளிச்சம் அப்படியே உள்ளே புகுந்து வெளியே வந்துவிடும். டயாஃப்ரத்தை மெல்ல மூடினால் உயிரியின் ஓரம் கறுத்துத் தெரிய ஆரம்பிக்கும், குறுஇழைகள் மினுக்கும், உள்ளே இருக்கிற உணவுக் குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ரொம்ப மூடினால் எல்லாவற்றுக்கும் இரட்டைக் கோடு விழும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கை தானே கண்டுபிடிக்கும். முதல் வாரம் பேத்தி டயாஃப்ரத்தை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்றாள். இப்போது கண்ணை வைத்தபடியே இடது கை அந்தச் சின்னக் கம்பியைத் தேடிப் போகிறது.

இனி குறைகள்.

கருவி வந்து நான்காம் நாள் பெரிய குமிழ் தளர்ந்துவிட்டது. ஃபோகஸ் பண்ணிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்லைடு வைக்கிற மேடை தானாகக் கீழே இறங்கியது. விற்றவர்களுக்குப் போன் செய்தேன், ‘மாடல் அப்படித்தான்மா’ என்று வைத்துவிட்டார்கள். எனக்கு மனம் கொதித்துப் போனது. முதல்முறை மைக்ரோஸ்கோப் தொடுகிற ஒரு குழந்தை இதையே பழுது என்று நினைத்து மூலையில் போட்டிருக்கும். இந்த மாதிரிக் கருவிகளில் இரண்டு பக்கப் பெரிய குமிழ்களையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகினால் இறுகிவிடும். அதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட எவ்வளவு செலவாகும்?

10 லென்ஸிலிருந்து 40-க்குத் திருப்பினால் ஃபோகஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். இதில் அரைச் சுற்று தள்ளிப் போகிறது. தெரியாமல் திருப்பி இரண்டு கவர் சிலிப் உடைந்தது. பக்கவாட்டில் குனிந்து பார்த்துக்கொண்டே திருப்பும்படி பேத்தியைப் பழக்கினேன்.

எல்.இ.டி.யில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இல்லை. நீலம் பாய்ந்த வெள்ளை, கண் எரியும். விளக்கின் மேல் டிரேசிங் பேப்பரை இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை விளக்கைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை வடக்கு ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வோம். அந்த வானத்து வெளிச்சத்துக்கு ஈடே இல்லை. குழந்தைகள் கண்ணாடியை நேரே சூரியனுக்குத் திருப்பிவிடாமல் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், கண் போய்விடும்.

தயார் ஸ்லைடு ஐந்தும் ஏமாற்றம். ‘அமீபா’ என்று ஒட்டியிருந்த ஸ்லைடை ஓரம் ஓரமாக, மேலிருந்து கீழாக, லேபில் பார்க்கிற மாதிரி ஒரு இடம் விடாமல் பார்த்தேன். அதில் அமீபா இல்லை. சாயத்துளிகள்தான் இருந்தன.

அமீபாவை நாங்களே கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. அது தண்ணீரில் நீந்தாது. தண்ணீரில் நெடுநாள் கிடந்த இலையின் அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு வழவழப்பு படியுமே, அதில்தான் ஊரும். அதைச் சுரண்டி ஸ்லைடில் வைத்துப் பத்து நிமிஷம் ஆடாமல் விட்டுவிட்டுப் பார்த்தோம். மங்கலான ஒரு திட்டு. ‘அழுக்கு’ என்று ஸ்லைடை நகர்த்தப் போனேன். அந்தத் திட்டின் ஒரு பக்கம் மெல்ல நீண்டது. உள்ளே இருக்கிற மணிமணியான பொருள் எல்லாம் அந்தப் பக்கமாக வழிந்து ஓடியது, பின்பக்கம் சுருங்கியது. அதன் கால் என்று தனியாக ஒன்று கிடையாது. உடம்பே கால் ஆகிறது, வேலை முடிந்ததும் திரும்ப உடம்புக்குள் கரைகிறது.

இதே அசைவை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சீதபேதியோடு வருகிறவர்களின் மலத்தைச் சலைன் என்கிற உப்புநீரில் கலந்து, சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். சீதபேதி உண்டாக்கும் அமீபாவான எண்டமீபா உயிரோடு இருந்தால் இப்படித்தான் விரல் நீட்டும், உள்ளே விழுங்கிய சிவப்பணுக்கள் தெரியும். நேரம் கடந்தால் உருண்டு நின்றுவிடும். அப்போதெல்லாம் அது நகர்கிறதா என்பது மட்டும்தான் என் கவலை. நகர்ந்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். எப்படி நகர்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்க வாய்த்ததில்லை. வெளியே வரிசையில் நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது வரிசை இல்லை. அன்றைக்கு அந்த அமீபா ஒரு பச்சைப் பாசித் துண்டைச் சுற்றி வளைத்து முழுசாக விழுங்கும்வரை நானும் பேத்தியும் மாறி மாறிப் பார்த்தோம். அரிசி அடுப்பில் குழைந்துபோனது.

எதில் எது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். பாரமீசியம் நிறைய வேண்டுமென்றால் வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஏரித் தண்ணீரை ஊற்றி, பாட்டிலைத் துணியால் மூடி நிழலில் வையுங்கள். எங்களுக்கு வைக்கோல் கிடைக்கவில்லை. பென்னாகரம் பக்கம் இருக்கிற தம்பி வீட்டிலிருந்து ராகித் தாள் ஒரு பிடி வந்தது, அதுவே போதும். முதலில் தண்ணீர் கலங்கி ஆடை படியும், நாற்றம் அடிக்கும். அது பாக்டீரியா. அதைத் தின்ன மற்றவை பெருகும். பத்து நாளில் ஒரு சொட்டுக்குள் எண்ண முடியாத அளவு பாரமீசியம். வீட்டுக்குள் வைத்தால் மருமகள் சம்மதிக்க மாட்டாள், அதனால் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம்.

தம்பி வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குட்டை. அதில் யூக்ளினா. பச்சை நிறம், ஒரு முனையில் சிவப்பாகக் கண்புள்ளி, முன்னால் சாட்டை மாதிரி கசையிழை. வெயில் இருந்தால் செடி மாதிரி தானே உணவு செய்துகொள்ளும், இருட்டில் தண்ணீரில் கரைந்திருக்கிற சத்தை உறிஞ்சி வாழும். செடியா பிராணியா என்று தம்பி கேட்டான். இரண்டும்தான் என்றேன். “அதெப்படிக்கா?” என்று அவனும் வந்து கண் வைத்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியில் மிதந்த சின்னப் பாசி இலைகளின் வேரில் வோர்டிசெல்லா கூட்டம் கூட்டமாக இருந்தது. தலைகீழாகப் பிடித்த மணி மாதிரி உடம்பு, நீளமான காம்பு. வாயைச் சுற்றி இழைகள் சுழன்று உணவை இழுக்கும். மேடையை விரலால் லேசாகத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு மணி கீழே போய்விடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது, சுருங்குவது சில மில்லிநொடியில். ஆனால் திரும்ப நீள்வது மெதுவாக, தயங்கித் தயங்கி. பேத்தி அன்றைக்குத் தட்டித் தட்டி அவற்றைப் படாதபாடு படுத்திவிட்டாள்.

ஆடி மாதம் ஒகேனக்கல் போயிருந்தோம். பாறை வழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பழுப்பு வழுக்கலை ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு இடத்தில் தேய்த்து டப்பாவில் எடுத்து வந்தேன். வீட்டில் 40 லென்ஸில் வைத்தால் முழுக்க டயட்டம். ஒவ்வொன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்கிற ஒரு செல். மேல் மூடியும் கீழ்ப் பெட்டியும் சிலிக்காவில் ஆனவை, மணலில் இருக்கிற அதே பொருள். படகு வடிவம், ஊசி வடிவம் என்று பலவிதம், ஓட்டின் மேல் சீப்புப் பல் மாதிரி நுணுக்கமான கோடுகள். படகு வடிவத்தவை கையும் இழையும் இல்லாமலே முன்னும் பின்னும் வழுக்கிப் போகின்றன. உலகத்தில் ஒளிச்சேர்க்கை மூலம் நடக்கிற உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட இந்த டயட்டங்களுடையது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடலில் இருப்பதையும் சேர்த்த கணக்கு. எங்கள் வீட்டில் பரிசல் ஏறியதைவிட இந்த டப்பாவைப் பற்றித்தான் ஒரு வாரம் பேச்சு.

அந்தப் பயணத்துக்கு ஃபோல்டுஸ்கோப்பும் கூட வந்தது. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித மைக்ரோஸ்கோப், 140 மடங்கு. உறவுக்காரப் பையனிடம் இருந்து இரவல் வாங்கினோம். சட்டைப் பையில் அடங்கும், பாறை மேல் நின்றபடியே பார்க்கலாம். அதில் ஒரே ஒரு குட்டி லென்ஸ்தான். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக்கும் இப்படி ஒற்றை லென்ஸ் வைத்துத்தான் 1674-ல் ஏரித் தண்ணீரில் இந்த உயிரிகளை முதன்முதலாகப் பார்த்தார். நெடுநேரம் இரண்டு பேர் மாறி மாறிப் பார்ப்பதற்கு மேஜை மேல் நிற்கிற கருவிதான் வசதி. ஊர் சுற்றுகிறவர்களுக்குக் காகிதம்.

அக்கம்பக்கத்தில் விஷயம் பரவி, ‘அக்கா, எங்க வீட்டுத் தண்ணி நல்லதான்னு பார்த்துச் சொல்லுங்க’ என்று பாட்டிலோடு வர ஆரம்பித்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், இந்த மைக்ரோஸ்கோப்பால் அதைச் சொல்ல முடியாது. ஒரு சொட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. பேதி உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க லேபில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரின் பெரிய பிரச்சினை ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கறை, வயதானால் எலும்பு வளைவது எல்லாம் அதனால்தான். அது தண்ணீரில் கரைந்த உப்பு, எந்த லென்ஸிலும் தெரியாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அதற்காகத்தானே ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. போர் தண்ணீர் குடிப்பவர்கள் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். அதேபோல் ரத்தம், மலம் எதையும் வீட்டு மைக்ரோஸ்கோப்பில் வைக்காதீர்கள். குளத்துத் தண்ணீர் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், பேத்திக்கு நான் போட்ட முதல் சட்டம் அது.

இன்னொரு சோதனையைச் சொல்லாமல் விட மனமில்லை. பாரமீசியம் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. பஞ்சைப் பிய்த்து நாலைந்து இழையைச் சொட்டில் போட்டுக் கவர் சிலிப் வைத்தால் இழைகளுக்கு நடுவில் சிக்கி நிற்கும். அப்போது 40 லென்ஸில் இரண்டு முனைக்கும் பக்கத்தில் ஒவ்வொரு வட்டம் மெல்லப் பெருத்துப் பெருத்துச் சட்டென்று மறையும். சுருங்கு நுண்குமிழிகள். வெளித்தண்ணீரைவிட செல்லுக்குள் உப்புச் சத்து அதிகம் என்பதால் தண்ணீர் ஓயாமல் உள்ளே கசிகிறது. அதை இறைத்து வெளியே தள்ளுகிற மோட்டார் இது, நின்றால் செல் ஊதி வெடித்துவிடும். பேத்தி போனில் நேரம் வைத்தாள், 12 விநாடிக்கு ஒரு தடவை. பிறகு கவர் சிலிப்பின் ஒரு ஓரத்தில் லேசான உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து, எதிர் ஓரத்தில் வடிகட்டும் தாளை ஒட்டி இழுத்தோம். லேபில் சாயத்தை உள்ளே இழுக்கச் செய்கிற அதே வேலை. வெளியே உப்பு கூடினால் உள்ளே கசிவது குறையும் அல்லவா? 12 விநாடி 25 ஆனது, 31 ஆனது. நோட்டில் அவள் எழுதிய எண்களைப் பார்த்தபோது, எட்டாம் வகுப்பில் எனக்கு இப்படி ஒரு கருவி கிடைத்திருந்தால் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பாரமீசியம் நடுவில் இடுப்பு ஒடுங்கி நின்றது. பிளவுபடப் போகிறது என்று தெரிந்ததும் ஸ்லைடு காயாமல் ஓரத்தில் அவ்வப்போது தண்ணீர் வைத்துக்கொண்டே காத்திருந்தோம். முக்கால் மணி நேரத்துக்கு மேல். கடைசியில் நூல் மாதிரி ஒரு ஒட்டு, அது முறுக்கி அறுந்து, இரண்டும் இரண்டு திசையில் போயின. “ஆயா, இதுல எது அம்மா?” என்றாள். “அம்மாவேதான் கண்ணு ரெண்டா ஆயிடுச்சு. அம்மான்னு தனியா மிச்சம் யாரும் இல்ல” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் இருக்கிற குழந்தைக்கும், என்னை மாதிரி ஓய்வில் இருப்பவர்களுக்கும் 5,200 ரூபாய்க்கு இது நியாயமான கருவி. 100 லென்ஸ் இல்லாமல் மூன்று லென்ஸோடு இதே கருவி குறைந்த விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். கடையில் நேரில் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். மேடைக்கு அடியில் கண்டென்சரும் திறந்து மூடுகிற டயாஃப்ரமும் இருக்கிறதா? குமிழை விட்டால் மேடை இறங்குகிறதா? 10-லிருந்து 40-க்குத் திருப்பினால் உருவம் கொஞ்சமாவது நிற்கிறதா? மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். நாங்கள் லேபில் மைக்ரோஸ்கோப் பெட்டிக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டே வைத்திருப்போம். வீட்டுக்கு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போதும். லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள், லென்ஸ் பேப்பர் தனியாக விற்கிறது. கவர் சிலிப் மட்டும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதல் டப்பி இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது.